பின்சந்துப் பைப்படி

அன்பு மகனுக்கு வாப்பா எழுதுவது. ஸலாம். என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே, அது இருக்கிறபடி இருக்கிறது. கேட்பதற்கு வேறு விஷயம் இருக்கிறது.

நேற்று அஸர் தொழுதுவிட்டுத் துணிக்கடைக்குத் திரும்பினால், என்னுடைய கதிரையில் மூலைக்கடை ஹனிபா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இன்னும் இரண்டு கடைக்காரர்கள். மூன்று பேரும் இப்படிச் சேர்ந்து வந்தால் ஒன்று சந்தாவாக இருக்கும், இல்லாவிட்டால் சண்டையாக இருக்கும். இது இரண்டுமில்லை, ஒரு மனு. வீட்டுத் தண்ணீர்க் கட்டணத்தை உயர்த்துவது பற்றி அடுத்த மாதம் நம் டவுனுக்கு வந்து ஜனங்களை விசாரிக்கப்போகிற தண்ணீர் இலாகா அதிகாரி நீதான் என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பெற்றவனுக்குத் தெரியாது, ஹனிபாவுக்குத் தெரியும். சரி, போகட்டும். மனுவை வாசித்தேன். கட்டணத்தை உயர்த்த வேண்டாம், தண்ணீர் வீணாவது வீடுகளில் அல்ல, றோட்டோரத்துப் பொதுக் குழாய்களில்தான், ஒரு சதமும் கட்டாதவர்கள் பிடிக்கிற அந்தக் குழாய்களை மூடினாலே இலாகாவின் நட்டம் தீர்ந்துவிடும், முதலில் பின்சந்துப் பைப்படியை மூடுங்கள் என்று எழுதியிருந்தது. கீழே முதல் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அது எனக்காம்.

"நானா, நீங்க மொதல்ல வச்சாப் போதும். வாப்பாட கையெழுத்தப் பாத்தா மகன் மறுபேச்சுப் பேச மாட்டாரு" என்று அண்ணன் முறை கொண்டாடினார் ஹனிபா. கண்ணாடி வீட்டில் இருக்கிறது, நாளைக்குப் பார்ப்போம் என்று சொன்னேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. அவர்களும் அதைப் பார்த்தார்கள். மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருகிறோம் என்று எழுந்து போனார்கள். அந்த வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்க வேண்டும்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது மகனே. உடம்பு அலுப்பு மட்டுமில்லை. அந்த மனுவை வாசித்தபோது கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், வரவில்லை. ஏனென்றால் அதில் உள்ள ஒவ்வொரு வசனமும் என்னுடையது. பதினேழு பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் டவுன் கவுன்சில் கூட்ட ஹோலில் எழுந்து நின்று நான் பேசியதைத்தான், இன்றைக்கு ஹனிபா டைப் அடித்துக் கொண்டுவந்திருக்கிறார். நீ அப்போது பதுளையில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோதும் உன்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவிடவில்லை என்பதுதான் சரி.

நம் வீட்டுக்குப் பின்னால் மதில், மதிலுக்குப் பின்னால் சந்து, சந்தில் எட்டு அறைகளோடு அந்தப் பழைய வரிசை வீடு. அது உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்பிரிங்வெளியிலிருந்தும் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் வேலை போய் இறங்கி வந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. ஆண்கள் லொறிகளில் மூட்டை இறக்கினார்கள், பெண்கள் கடைகளையும் வீடுகளையும் கூட்டிக் கழுவினார்கள். ஒருத்தருக்கும் பிரஜாவுரிமை இல்லை, வாக்காளர் இடாப்பில் பேர் இல்லை, வீட்டுக்குக் குழாய் கேட்டு விண்ணப்பம் போட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எட்டு அறைக்கும் சேர்த்து சந்து முனையில் இருந்த அந்த ஒரு பைப்படிதான். அதை விட்டால் ஓடைக்கரைப் பீலி. பாறையில் வழிகிற ஊற்றுத் தண்ணீரைத் தகரம் வைத்துத் திருப்பி விட்டிருப்பார்களே, அதுதான். அதற்கு இறங்குகிற படி நூறுக்குக் குறையாது. மழை பெய்தால் வழுக்கும், அட்டை ஏறும்.

கடை வாசலில் இருந்த தண்ணீர்ப் பானையும் உனக்கு ஞாபகம் இருக்கும். சம்பளத்துக்கு மறுநாள் தோட்டத்துச் சனம் சாமான் வாங்க இறங்கி வரும்போது, பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு நம் வாசலில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் நடக்கும். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதன் நன்மையைப் பற்றி லெப்பை பள்ளிவாசலில் பிரசங்கம் செய்தால், எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்வேன், பார்க்கிறார்கள் என்று தெரிந்தே. அந்தப் பானையை விடியற்காலையில் கழுவி நிறைப்பவள் பின்சந்து ராக்கம்மா. பைப்படியிலிருந்து இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி, இரண்டு நடை. நன்மை என் பேரில், சுமை அவள் இடுப்பில். எனக்கு அது அப்போது உறைக்கவே இல்லை.

அந்த வருஷம்தான் கவுன்சில் வீட்டுக் குழாய்களுக்குக் கட்டணத்தை உயர்த்தப் போவதாக அறிவித்தல் ஒட்டியது. பழைய குழாய் எல்லாம் துருப்பிடித்துவிட்டது, மாற்றக் காசு வேண்டும் என்றார்கள். பொய்யில்லை, உண்மைதான். ஆனால் கடைத்தெரு கொந்தளித்தது. எல்லாருக்கும் சேர்த்துப் பேச என்னைப் பிடித்தார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், வாயும் கொஞ்சம் நீளம். நாலு பேர் "நீங்கதான் நானா பேசணும்" என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பேசப் போனவன் கட்டணம் கூடாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். "அப்படியானால் காசுக்கு வேறு வழி சொல்லுங்கள்" என்று சேர்மன் கேட்டார். எனக்கு வழி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கிருந்து வந்ததோ, பின்சந்துப் பைப்படியைச் சொன்னேன். நாள் முழுக்க ஒழுகுகிறது, கட்டணம் கட்டாதவர்கள், இடாப்பில்கூட இல்லாதவர்கள், அவர்களுக்காக நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டே போனேன். ஹோலில் கை தட்டினார்கள். கை தட்டல் கேட்டால் என் வாய் நிற்காது, உனக்குத் தெரியாததா?

சேர்மன் நல்ல மனிதர். முடிக்கிற நேரத்தில் கேட்டார்: "பின்சந்து ஆட்கள் யாராவது வந்திருக்கிறார்களா? அவர்களுக்கு ஆட்சேபம் உண்டா?" ஹோல் அமைதியாக இருந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரும் வரவில்லை, சேர். ஆட்சேபம் இல்லைப் போலிருக்கிறது" என்றேன். சிரிப்பு வரட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ஆட்சேபம் இல்லை என்று கிளார்க் எழுதிக்கொண்டார்.

கட்டணம் உயரவில்லை. அடுத்த கிழமை கவுன்சில் ஆட்கள் வந்து பைப்படியின் தலையைக் கழற்றி, வாயில் மரக்கட்டை அடித்துவிட்டுப் போனார்கள். கடைத்தெரு என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. வீட்டுக்கு வந்து உன் உம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே, "அப்ப அவங்க தண்ணிக்கு எங்க போவாங்க?" என்று கேட்டாள். பீலி இருக்கிறதே என்றேன். "நீங்க எப்பவாச்சும் பீலிக்கு எறங்கி ஒரு குடம் தூக்கிட்டு வந்திருக்கீங்களா?" என்றாள். பொம்பளைக்கு என்ன தெரியும், இது ஊர் விஷயம் என்று சத்தம் போட்டேன். அவள் அதற்கு மேல் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் வீட்டில் சோறு இறங்காது, அது உனக்கும் தெரியும்.

மறுநாள் காலை கடை திறக்கப் போனால், ராக்கம்மா வெறும் குடத்தோடு வாசலில் நிற்கிறாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. அவள் கேட்டது வேறு. "மொதலாளி, பானைக்கு இனி எங்க தண்ணி புடிக்கிறது?" தன் வீட்டுக்கு என்று கேட்கவில்லை. என் பானைக்குக் கேட்டாள். வீட்டுக் குழாயில் பிடித்துக்கொள் என்றேன். அன்றிலிருந்து தினமும் நம் முற்றத்துக் குழாயில் பானைக்கு இரண்டு நடை பிடிப்பாள். பிறகு அதே குடத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு, தன் வீட்டுக்குப் பீலிக்கு இறங்குவாள். நம் முற்றத்திலிருந்து அவளுக்கென்று ஒரு டம்ளர் எடுத்ததை நான் பார்த்ததில்லை.

நான் பார்த்ததில்லை, உன் உம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, முற்றத்துக் குழாயிலிருந்து ஒரு றப்பர் ஹோஸ் மதிலின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. அங்கே பெண்களின் பேச்சுச் சத்தம், குடம் நிறைகிற சத்தம். வீட்டுத் தண்ணீரை வெளியாருக்குக் கொடுத்தால் இணைப்பை வெட்டுவோம் என்று கவுன்சில் ரசீதின் பின்னால் அச்சடித்திருக்கும். தண்ணீர் வீணாகிறது என்று ஊரைக் கூட்டிப் பேசியவனுடைய வீட்டில் இப்படி நடக்கிறது என்று இன்ஸ்பெக்டர் கண்டால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? உன் உம்மா குறுக்கே வந்து நின்றாள். "நாலு குடந்தான் இன்னும் இருக்கு. நெறஞ்சதும் நானே எடுத்துடுறேன்." நான் கேட்கவில்லை. ஹோஸை இழுத்தேன். அந்தப் பக்கம் பேச்சு சட்டென்று நின்றது. பாதி நிறைந்த குடங்களைத் தூக்கிக்கொண்டு போகிற காலடிச் சத்தம்தான் கேட்டது. மகனே, கூட்டத்தில் பேசியதை வாய்க்கொழுப்பு என்று சொல்லிவிடலாம். இதை என் கையால் செய்தேன். இதற்கு நான் இன்றுவரை ஒரு சமாதானம் கண்டுபிடிக்கவில்லை.

இனி எழுதப்போவதில் உனக்குப் பாதி தெரியும். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெரிய வறட்சி வந்தது. வீட்டுக் குழாயில் மூன்று நாளாகக் காற்றுத்தான் வந்துகொண்டிருந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கிற ஹவுள் தொட்டியிலும் அடிச்சேறு தெரிந்தது. அப்படி ஒரு நாள் விடியற்காலை சுபஹு நேரத்தில்தான் உன் உம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். டொக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. உன்னை முதல் பஸ்ஸில் கூட்டிவந்தார்கள். நீ முன்னறையில் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தாய், எழுத்தின் மேல் கண்ணீர் விழுந்து விழுந்து தாள் நனைந்திருந்தது. நான் கடையைத் திறந்து அவளைச் சுற்றுகிற கபனுக்கு வெள்ளைத் துணி கிழித்துக்கொண்டு வந்தேன். துணி என்னிடம் கட்டுக்கட்டாக இருந்தது. அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. மதியம் லுஹர் தொழுகைக்கு முன் ஜனாஸாவை எடுக்க வேண்டும். உன் பெரியும்மா வந்து காதுக்குள் சொன்னார், "வீட்டுல இருக்குறது ரெண்டு குடந்தான். மையித்தக் குளிப்பாட்டப் பத்தாது." பதுளையிலிருந்து லொறியில் தண்ணீர் கொண்டுவர ஆள் அனுப்பினேன். அது எப்போது வந்து சேரும்? கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊருக்கே தண்ணீர்ப் பானை வைத்தவன், தன் பெண்சாதியைக் கழுவ ஒரு வாளித் தண்ணீர் இல்லாமல் நின்றேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். பெரியும்மா திரும்பி வந்தார். "தண்ணி வந்திரிச்சி" என்றார். லொறிதான் வந்துவிட்டது என்று நினைத்துப் பின்கட்டுக்கு ஓடினேன். மதில் கதவு திறந்திருந்தது. முற்றம் முழுக்கக் குடம், வாளி, மண்ணெண்ணெய் டின், அலுமினியப் பானை, எல்லாம் விளிம்பு தட்ட நிறைந்து, மேலே துணி கட்டி வடித்திருந்தது. பின்சந்துப் பெண்கள் வரிசையாக வந்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். பீலியிலும் அந்த நாட்களில் நூல் போலத்தான் தண்ணீர் விழும், ஒரு குடம் நிறையக் கால் மணி நேரம் பிடிக்கும். அவ்வளவையும் அரை மணியில் பிடித்திருக்க முடியாது. முந்தின நாளெல்லாம் வரிசையில் நின்று தங்கள் வீட்டுக்குப் பிடித்து வைத்திருந்ததை, எட்டு அறையிலிருந்தும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். "ஒங்களுக்கு?" என்று ராக்கம்மாவைக் கேட்டேன். "எங்களுக்குப் பொறகு பாத்துக்கிறோம் மொதலாளி. அக்காவுக்கு மொத ஆகட்டும்" என்றாள். தோட்டத்து லயவீடுகளில் ஒரு சாவு விழுந்தால் கூப்பிடாமலே வீட்டுக்கு ஒரு குடம் வருமாம், அது அவர்கள் வழக்கமாம். உன் உம்மாவைக் குளிப்பாட்டியது அந்தத் தண்ணீர். லொறி சாயங்காலம் அஸருக்குப் பிறகுதான் வந்தது.

நாற்பதாம் நாள் கழிந்ததும் கவுன்சிலுக்குப் போனேன். பைப்படியைத் திறந்துவிடுங்கள், நான் பேசியது தப்பு என்றேன். சேர்மன் மாறியிருந்தார். கிளார்க் பழைய பதிவுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். ஆட்சேபம் இல்லை என்று அழகான கையெழுத்தில் இருந்தது. மனு எழுதினேன், மறுபடி எழுதினேன், ஒவ்வொரு புதிய சேர்மனுக்கும் எழுதினேன். கடைத்தெருவில் என்னைக் கிறுக்கன் என்றார்கள். மூடுவதற்கு ஒரே ஒரு பேச்சுப் போதுமாயிருந்தது. அது மறுபடி திறந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், உங்கள் இலாகா இந்த ஊர்த் தண்ணீரைப் பொறுப்பெடுத்தபோதுதான். அப்போது ராக்கம்மா இங்கே இல்லை.

இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று பேர் விழுந்து, அவளும் புருஷனும் பிள்ளைகளும் போனார்கள். பதுளை ஸ்டேஷனுக்கு நானும் போனேன். கடையிலிருந்து ஒரு சேலையைப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். றெயில் புறப்பட நேரம் இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது என்று, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "ராக்கம்மா, அந்தப் பைப்பை மூடச் சொன்னது நான்தான்."

"தெரியுமே மொதலாளி" என்றாள்.

யார் சொன்னது என்று கேட்டேன். "யாரு சொல்லணும்? அன்னைக்கு நாங்க ஏழெட்டுப் பேரு ஹோலுக்கு வெளியதான நின்னோம், ஜன்னலுக்குக் கீழ. கூட்டம்னு கேள்விப்பட்டு வந்தோம். உள்ள வரலாமா கூடாதான்னு தெரியல. சிங்களம் அவ்வளவா வராட்டியும், நீங்க சொன்னது வெளங்குச்சு. எல்லாரும் சிரிச்சதும் கேட்டுச்சு."

அப்படியானால் எல்லாம் தெரிந்துகொண்டேதான் இவள் இத்தனை வருஷமும் என் பானையை நிறைத்தாள். எல்லாம் தெரிந்துகொண்டேதான் அன்றைக்கு அத்தனை குடமும் வந்தது. "பிறகு ஏன் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், கொஞ்சம் சிரித்தாள்கூட. "அது அக்காவுக்குக் கொண்டாந்தது. ஒங்களுக்கா கொண்டாந்தோம்?" என்றாள். சேலையை வாங்கிக்கொண்டாள். அக்கா இருந்திருந்தால் அவங்களும் வழியனுப்ப வந்திருப்பாங்க என்றாள். அவ்வளவுதான். றெயில் போய்விட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்த வார்த்தை என் வாயிலேயே தங்கிவிட்டது, இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இனி உன் விஷயம். கட்டணத்தை உயர்த்துவதா வேண்டாமா என்று சொல்ல நான் யார்? அதற்குத்தான் உன்னைப் படிக்க வைத்தது. உயர்த்தத்தான் வேண்டும் என்றால், முற்றத்திலும் சமைக்கிற குசினியிலும் இரண்டு குழாய் வைத்திருக்கிற என்னிடம் முதலில் கேள். முணுமுணுப்பேன், ஆனால் கட்டுவேன். பைப்படியை மூடாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி வருகிறபோதே ஒன்று தோன்றியது. வாப்பா சொன்னதற்காக நீ ஒன்றைச் செய்தால், ஹனிபா கேட்டு வந்ததும் அதைத்தானே? ஆகவே அதை உன்னிடமே விடுகிறேன். மனுவில் நான் கையெழுத்து வைக்கப்போவதில்லை. வெள்ளிக்கிழமை கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைச் சொல்வேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். கூட்டத்தில் எல்லாரும் பேசி முடித்த பிறகு, பின்சந்து ஆட்கள் வந்திருக்கிறார்களா என்று நீ கேட்பாய். நல்ல பிள்ளை, கேட்பாய். யாரும் பதில் சொல்லமாட்டார்கள். என்னைப் போல வாய் நீண்டவன் எவனாவது எழுந்து யாரும் வரவில்லை என்பான். அவனை நம்பி எழுதிவிடாதே. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய், கதவைத் திறந்து வெளியே பார். இப்போது அந்த அறைகளில் இருப்பவர்கள் வேறு ஆட்கள், பிரஜாவுரிமைகூடச் சிலருக்கு வந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் ஜன்னலுக்குக் கீழேதான் நிற்பார்கள், உள்ளே வரலாமா என்று தெரியாமல். முன்வரிசையில் உன் வாப்பாவுக்கென்று கதிரை போடச் சொல்லாதே. நானும் அவர்களோடு வெளியேதான் நிற்பேன். முழங்கால் முன்னைப் போல இல்லை மகனே, கதவைத் திறக்க அதிக நேரம் எடுக்காதே.